குணசேகரனைத் தெரிகிறது, ஈஸ்வரியைத் தெரியவில்லை: பெண்களின் தொடர்களை நாம் ஏன் கண்டுகொள்வதில்லை?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), ஞாயிறு இரவு 10.20

போன வாரம் எங்கள் வீட்டில் காதுகுத்து. ஒறம்பரை எல்லாம் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கொழுந்தனார் மகனுக்கு ஒன்பது வயது. தண்ணீர் கொண்டுவந்த தன் அக்காவைப் பார்த்துக் கையை நீட்டி, கழுத்தைச் சற்றே சாய்த்து, டிவி சீரியல் குணசேகரன் மாதிரியே "இந்தாம்மா ஏய்" என்றான். திண்ணை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெண்ணும் சிரித்தாள். சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சரிங்க, குணசேகரன் வீட்டில் மருமகள்கள் நான்கு பேர். பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். எட்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் "ஜனனி" என்றார். இன்னொருவர் "அந்த மூத்த மருமகள்... நன்றாக நடிக்குமே" என்று இழுத்தார். அவ்வளவுதான். "ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. என் மாமியார், அப்பளம் பொரித்துக்கொண்டே சொன்னார்.

2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய எதிர்நீச்சல் தொடரைத்தான் சொல்கிறேன். படித்த பெண்களாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து, வந்த பிறகு அடுப்படியோடு நிறுத்திவிடும் ஒரு வீடு. அங்கிருந்து நான்கு பெண்கள் எப்படித் தலைதூக்குகிறார்கள் என்பதுதான் கதை. தலைப்பே அவர்களுக்காக வைத்ததுதான். ஆனால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'குணசேகரன் சீரியல்'. அந்த வீட்டை அடக்கி ஆளும் குணசேகரனாக நடித்த மாரிமுத்து அருமையான நடிகர், அதில் பேச்சே இல்லை. 2023 செப்டம்பர் 8 அன்று காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மயங்கி அவர் இறந்தார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் சொந்தக்காரர் ஒருவர் போனதுபோல்தான் இருந்தது. என் கேள்வி வேறு. "இனிமேல் அதில் பார்க்க என்ன இருக்கிறது" என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். அந்த நான்கு பேரும் அங்கேதானே இருந்தார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடரில், அந்த வீட்டுப் பட்டம்மாள் அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்துப் பங்கு யாருக்கு என்று கதை ஓடிக்கொண்டிருந்த நாட்கள். என் நங்கை, அதாவது கணவரின் அக்கா, ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு 1998ல் கல்யாணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 1989ல். இருந்தும் அவர் பத்திர ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் கையில் கிடைத்தது ஒரு பட்டுப்புடவையும் ஓட்டலில் மதியச் சாப்பாடும். இரவு ஒன்பதரைக்கு அந்தக் காட்சி ஓடுகிறது. அப்பத்தா பேசப் பேச எங்கள் கூடத்தில் ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை. நங்கை முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம்கூட வரவில்லை. என் கணவர் ரிமோட்டை எடுத்தார். "கிரிக்கெட் ஸ்கோர் என்ன ஆயிற்று?" என்று சேனலை மாற்றினார்.

அன்றைக்கு மேட்சே கிடையாது.

போரடிக்கிறது என்று சொல்லி எழுந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே போரடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. சொல்லுங்கள்.

ஒன்றரைஷிப்ட் (திருப்பூர்), ஞாயிறு இரவு 11.05

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக் கதையைக் கேட்டு வருத்தப்பட்டேன். ஆனால் அதை எல்லா ஆண்கள் தலையிலும் ஏற்றக் கூடாது.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ஒன்பது ஆகும். வந்து உட்கார்ந்தால் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். மறுநாளும் அதே பெண், அதே புடவை, அதே அழுகை. ஒரு கல்யாணத்தை மூன்று வாரம் நடத்துகிறார்கள். நம் பக்கம் இணைச்சீர் முதல் அருமைக்காரர் சீர் வரை ஒன்று விடாமல் செய்தும் இரண்டு நாளில் பந்தலைப் பிரித்துவிடுகிறோம்.

வில்லன் வாயைத் திறந்தால் கதை நகர்கிறது. அதனால் அவர் மனத்தில் நிற்கிறார். பெண் என்பதால் ஒதுக்குகிறோம் என்பது வீண் பழி. துணியில் ஓட்டை இருந்தால் ரிஜெக்ட் ஆகத்தான் செய்யும். தைத்தது ஆணா பெண்ணா என்று செக்கிங்கில் பார்ப்பதில்லை.

சாளைக்காரி (தாராபுரம் பக்கம்), திங்கள் காலை 6.10

கட்டிங் மாஸ்டர் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. பாக்கியலட்சுமி 2020ல் தொடங்கியது. வங்காளத் தொடர் ஒன்றின் தழுவல். வீட்டில் மதிப்பில்லாத ஒரு பெண் சமையல் தொழில் தொடங்கித் தன் காலில் நிற்கும் கதை. அதில் மனைவிக்குத் துரோகம் செய்த கணவன் கோபியை இந்த ஊர் கொண்டாடியது மறந்துவிட்டதா? அவர் திருதிருவென்று விழிப்பதை வெட்டி வெட்டிப் போனில் அனுப்பிக்கொண்டார்கள். எனக்கே என் தம்பி நான்கு அனுப்பினான். அவர் வந்ததால் கதை நகர்ந்ததா, அல்லது நின்ற இடத்திலேயே நின்றாலும் அவரைப் பார்க்கப் பிடித்ததா?

(எங்கள் பெரியம்மா வீடு கோபிசெட்டிபாளையத்தில். நல்ல ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தனி வருத்தம்.)

மாடு கத்துகிறது. பிறகு வருகிறேன்.

நொய்யல்நண்டு (கோவை), திங்கள் பகல் 1.30

நம் ஊர்த் தொடர்கள் நான் பார்ப்பதில்லை. அதனால் இது எனக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பதிவிலேயே மாட்டிக்கொண்டேன்.

அமெரிக்காவில் 2008 முதல் 2013 வரை ஓடிய பிரேக்கிங் பேட் தொடர் எனக்கு உயிர். வேதியியல் ஆசிரியர் ஒருவர் போதைமருந்து காய்ச்ச ஆரம்பித்து, கடைசியில் கொலைகாரராகவே ஆகிவிடுகிறார். அவர் மனைவி ஸ்கைலர் 'இது தப்பு, பிள்ளைகள் இருக்கிற வீடு' என்று எதிர்த்து நிற்கிறாள். உலகம் முழுக்க ரசிகர்கள் யாரை வெறுத்தார்கள்? காய்ச்சியவரை இல்லை, அவளை. அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டித் தன் மேலேயே வந்து விழுந்ததைப் பற்றி, நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரையே எழுதினார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்த வேடத்துக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. அவர் நடிப்பில் குறை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையைப் படிக்கும்வரை நானும் விடுதியில் அவளைத் திட்டிக்கொண்டிருந்தவன்தான். 'சும்மா தொந்தரவு செய்கிறாள்' என்பேன். யாரைத் தொந்தரவு செய்தாள்? கொலை செய்துகொண்டிருந்தவரை.

அப்படியென்றால் பெண் மையமாக இருக்கும் எதையுமே நாங்கள் ரசிப்பதில்லையா என்று யோசித்தேன். ஷெஃபாலி ஷா நடித்த டெல்லி கிரைம் எனக்கும் நண்பர்களுக்கும் மிகவும் பிடிக்கும். 2019ல் வந்தது, 2020ல் சர்வதேச எம்மி வாங்கியது. அங்கே அவர் போலீஸ் அதிகாரி. உடுப்பு போட்டு, ஜீப்பில் ஏறி, நான்கு ஆண்களை அதட்டினால் எங்களுக்கு ஒத்துப்போகிறது. அதே பெண் சேலை கட்டிக்கொண்டு சமையற்கட்டில் நின்று அதே அதட்டல் போட்டால் 'சீரியல்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புலவர்வீடு (காங்கயம்), திங்கள் மாலை 5.45

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். தொலைக்காட்சித் தொடர் எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்ப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்திருக்கிறேன், ஆகவே எல்லாக் கதையும் தெரியும்.

இந்த நோய் தொலைக்காட்சியோடு வந்தது அல்ல. நம் கொங்கு நாட்டு அண்ணமார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். என் சிறுவயதில் உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். படுகளத்துப் பகுதி வரும்போது தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்த முரட்டு ஆட்கள் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். பொன்னர், சங்கர் என்றால் கொங்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையின் முற்பகுதியைத் தாங்குபவள் யார்? அவர்களைப் பெற்ற தாமரை. பிள்ளை வரம் வேண்டி ஆண்டுக்கணக்காகத் தவம் கிடந்தவள். பிற்பகுதி? அவர்கள் தங்கை தங்காளுடையது. அண்ணன்மார் களத்தில் மாய்ந்த பிறகு தன்னந்தனியாகக் காட்டில் தேடி அலைந்து, உடல்களைக் கண்டு, எழுப்பிப் பேசவைப்பவள் அவள். கனவில் நடக்கப்போவதைக் கண்டு சொன்னவளும் அவள்தான். அப்போது யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் உண்டு. சில பாடங்களில் அரண்மனைக்கே தீ வைக்கிறாள். இதைவிடச் சிக்கலான பெண் எந்தத் தொடரில் வந்துவிட்டாள்?

மானிடவியலாளர் பிரெண்டா பெக் எங்கள் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, 1965ல் இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். 1982ல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலின் தலைப்பு, அண்ணன் தம்பி தங்கை மூவரையும் ஒரே பிரசவத்துப் பிள்ளைகளாகச் சேர்த்தே சொல்கிறது. வெளியிலிருந்து வந்தவர் மூன்று என்று எண்ணினார். நாம் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

'அண்ணமார்' என்ற சொல்லையே பாருங்கள். யாருக்கு அண்ணன்மார்? தங்கைக்குத்தானே? அவள் நிற்கும் இடத்திலிருந்துதான் கதைக்கே பெயர் வந்திருக்கிறது. இத்தனை ஆண்டு வகுப்பில் உறவுமுறைப் பெயர்களைப் பாடம் நடத்தியவனுக்கு அது போன வருடம்தான் உறைத்தது. பேத்தி கேட்டாள்: "யாருடைய அண்ணன்கள், தாத்தா?"

ஒன்றரைஷிப்ட் (திருப்பூர்), திங்கள் இரவு 9.50

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். தங்காள் சாமி. சாமியைக் கொண்டுபோய்ச் சீரியலோடு சேர்க்கலாமா?

புலவர்வீடு (காங்கயம்), திங்கள் இரவு 9.58

தம்பி, சாமி ஆக்கியதோடு அவள் கதையைக் கேட்பதை நிறுத்திவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

பழைய வசனக்காரன் (பெருந்துறை), செவ்வாய் காலை 11.15

இப்போது மஞ்சள் வியாபாரம். அதற்கு முன் சென்னையில் ஆறு ஆண்டுகள், ஒரு தொடருக்கு வசனம் எழுதும் குழுவில் இருந்தேன். தொடரின் பெயர் வேண்டாம்.

அரை மணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நாங்கள் நிரப்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாள். காலை ஏழு மணிக்கு ஸ்பாட்டில் லைட் வைத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய நான்காவது காட்சி என் போனில் பாதி எழுதியபடி நிற்கும். 'மீதி என்ன?' என்று மேக்கப் போட்டபடியே நடிகை கேட்பார். எனக்கே தெரியாது. அந்த வேகத்தில் மனுஷியின் மனத்துக்குள் புகுந்து பார்க்க நேரம் எங்கே? கை தானாக எழுதுவது இரண்டுதான்: ஒருவர் கத்துவார், ஒருவர் அழுவார்.

அடுத்தது வியாழக்கிழமை. வாராந்திர ரேட்டிங் வரும் நாள். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு டீ வாங்கிக்கொண்டு வரும் பையன்கூட மெதுவாக நடப்பான். ஒருமுறை நாயகிக்கு ஒரு பொய் எழுதினேன். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் எடுத்துத் தான் படிக்க ஆசைப்பட்ட வகுப்புக்குக் கட்டிவிடுவாள். அப்பா கேட்கும்போது 'நான் எடுக்கவில்லை' என்று முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அந்த ஒரு வரிக்கு அந்த நடிகை எங்களிடம் வசனத்தாளை இரண்டு முறை வாங்கிப் படித்தார். ஒரே டேக். லைட்மேன்கள் கை தட்டினார்கள், அது அபூர்வம்.

வியாழக்கிழமை எண் இறங்கியிருந்தது. அந்த வாரம் போட்டிச் சேனலில் புதுப் படம் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 'நாயகி திருடினால் தாய்மார்கள் ஏற்கமாட்டார்கள்' என்று முடிவாயிற்று. அவள் எடுக்கவில்லை, வில்லிதான் எடுத்து மாற்றி வைத்தாள் என்று திங்கட்கிழமைக்குள் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான்.

இப்படித்தான் நடக்கும். நாயகியிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி வில்லியிடம் கொடுத்துவிடுவோம். பணத்தாசை, கோபம், நல்ல புடவை, பதிலுக்குப் பதில் பேசும் வாய், எல்லாம் அவளுக்கு. நாயகிக்கு மிஞ்சுவது பொறுமை. பொறுமையை எத்தனை நாள் பார்ப்பீர்கள்? ஆகவே திருப்பூர்த் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி இது: குணசேகரன் போன்ற ஓர் ஆணுக்கு எழுதும்போது அவர் செய்யும் அநியாயத்துக்கெல்லாம் எண்ணைக் காட்டி யாரும் எங்களைக் கூப்பிட்டுப் பேசமாட்டார்கள். கெட்டவனாக இருக்க அவருக்கு அனுமதி உண்டு, அதனால் அவர் ஆளாக வளர்ந்தார்.

குழித்தறி (பவானி), செவ்வாய் இரவு 8.40

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஜமுக்காளத் தறிக் குடும்பம். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்நீச்சலை எடுத்த திருச்செல்வம்தான் கோலங்கள் தொடரையும் எடுத்தார். 2003 கடைசியில் தொடங்கி 2009 கடைசி வரை, ஆயிரத்து ஐந்நூறு நாளுக்கு மேல். தேவயானி அபியாக வந்தார். அப்போது வீட்டில் ஒரே டிவி. ஆண்களும் பார்த்தார்கள், வேறு எங்கே போவது? என் வீட்டுக்காரர் வில்லன் ஆதியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார், அபி ஜெயித்தால் வெற்றிலை மடிப்பார். பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. ஒன்பது மணிக்குச் சரியாகக் கரண்ட் போகும். பெருந்துறையில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போடுவேன், அவள் போனை டிவி பக்கத்தில் வைத்துவிடுவாள். தறிக்குழி மேட்டில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நானும் இவரும் ஒரே போனில் காதை வைத்து அபியைக் கேட்டிருக்கிறோம்.

அரசாங்கம் கொடுத்த இலவச டிவி வந்து பெட்டி இரண்டானது. அப்புறம் ஆளுக்கொரு போன். இவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகுதான் அது 'பொம்பளைகள் சீரியல்' ஆனது. அதே திருச்செல்வம், ஏறக்குறைய அதே நேரம், கூடத்தில் ஆள் மட்டும் குறைந்தது.

ஆனால் ஆண்களை மட்டும் சொல்லி என்ன பயன்? அபி கட்டியவனை விட்டுத் தனியாகக் கிளம்பியபோது, 'பொம்பளைக்கு இத்தனை ரோஷம் ஆகாது' என்று வாய்விட்டுச் சொன்னவள் நான்தான். சில வருடம் கழித்து என் மகள் இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கும் என் வாயில் முதலில் வந்தது அதே வார்த்தை. அவள் இப்போது கோவையில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்த வார்த்தையை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் சேர்ந்துதான் டிவி பார்க்கிறோம், அந்தப் பேச்சு மட்டும் எடுப்பதில்லை.

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்), செவ்வாய் இரவு 10.30

அம்மா, உங்கள் பதிவை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "தறிக்குழியிலா?" என்று மட்டும் கேட்டார், பிறகு வெகுநேரம் பேசவில்லை.

வசனக்காரர் சொன்னதில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. 'தாய்மார்கள் ஏற்கமாட்டார்கள்' என்று முடிவு செய்த அறையில் எத்தனை தாய்மார்கள் இருந்தார்கள்? என் மாமியார் சிட்டுப் போட்டதைக் கணவருக்குச் சொல்லாமல் பதினோரு ஆண்டு மறைத்தவர். அந்தப் பணத்தில்தான் என் கொழுந்தனார் படித்தார். பொய் சொல்லும் நாயகி அவருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்காது. 'இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கலாம்' என்று குறை வேண்டுமானால் சொல்லியிருப்பார்.

கட்டிங் மாஸ்டர் தம்பி, உங்கள் துணிக் கணக்கு சரிதான், ஆனால் நீங்கள் துணியை விரித்துப் பார்க்காமலே ரிஜெக்ட் சீட்டு ஒட்டுகிறீர்கள். ரசிகர் என்றால் டீக்கடையில் வசனம் பேசிக் காட்டுபவர் என்று வைத்துக்கொண்டோம். தினமும் ஒன்பதரைக்கு உட்கார்ந்து, நான்கு பெண்களின் வழக்கையும் மனத்துக்குள் நடத்தி, மறுநாள் காலை பஸ்ஸில் அடுத்த சீட்டுக்காரியோடு வாதம் செய்கிறவளுக்கு அந்தப் பெயரை யாரும் கொடுப்பதில்லை. உங்கள் கம்பெனியிலேயே இருப்பார்கள். ஒருநாள் கேட்டுத்தான் பாருங்களேன்.

ஒன்றரைஷிப்ட் (திருப்பூர்), வியாழன் இரவு 9.15

கேட்டேன், அக்கா. நேற்று மாலை டீ நேரத்தில். செக்கிங்கில் பன்னிரண்டு பெண்கள். கால் மணி நேர டீ இருபத்தைந்து நிமிடம் போயிற்று, சூப்பர்வைசர் வந்து என்னைத்தான் முறைத்தார்.

ஒருவருக்கு ஜனனியைப் பிடிக்காதாம், அவசரக்காரி என்றார். இன்னொருவர் ஈஸ்வரி இத்தனை வருடம் பொறுத்ததே தப்பு என்றார். அதற்குப் பக்கத்தில் இருந்தவர், பிள்ளை வயதுக்கு வந்த பிறகு வெளியே போவது லேசா என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான் சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் இருக்கும், கதிரின் மனைவி ரேணுகா என்று சொன்னது.

"ரேணுகா ஞானத்தின் மனைவி. கதிருக்கு நந்தினி" என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.